1986 ஸ்டாண்டர்ட் புல்லட்: தினமும் வேலைக்கு ஓட்டணும், வீட்டுலயே ரெடி பண்ண முடியுமா?

ஸ்ரீரங்கம்_350:

எல்லாருக்கும் வணக்கம். 1986 மாடல் புல்லட் ஸ்டாண்டர்ட் 350 ஒண்ணு வாங்கியிருக்கேன். திருவொற்றியூர் வண்டி, காஸ்ட் அயர்ன் இன்ஜின், 6 வோல்ட், பாயிண்ட் செட் (பிளக்குல தீப்பொறி வர கரண்டை திறந்து மூடுற காண்டாக்ட்), வலது பக்கம் கியர், அப்படியே பழைய செட்டப். முசிறி பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டு மாட்டுக்கொட்டாய்ல தார்ப்பாய் மூடி ரொம்ப வருஷமா நின்னுட்டு இருந்துச்சு. ஆர்சி புக் ஒரிஜினல் கையில இருக்கு, அவர் பேர்ல தான், கையெழுத்து போட்டு குடுத்துட்டார்.

எனக்கு ஷோவுக்கு வைக்கிற ஆசை எல்லாம் இல்ல. ஸ்ரீரங்கத்துலருந்து திருவெறும்பூர் வேலைக்கு தினமும் இதுல போகணும், போக வர முப்பது முப்பத்தஞ்சு கிலோமீட்டர் வரும், பால்பண்ணை டிராஃபிக் தெரிஞ்சவங்களுக்கு தெரியும் அங்க வண்டி ஆஃப் ஆனா என்ன கதின்னு.

இப்போதைய நிலைமை: புது பெட்ரோல் ஊத்தி பிளக்கை துடைச்சு உதைச்சா ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஆன உடனே கொசு மருந்து வண்டி மாதிரி புகை. அடியில எண்ணெய் சொட்டுது. லைட் எரியுது ஆனா எரியுதான்னு குனிஞ்சு பாக்கணும். பிரேக் பிடிச்சா வண்டி யோசிச்சு தான் நிக்குது. டேங்க் உள்ள துரு. இங்க ஒரு மெக்கானிக் பாத்துட்டு "ஃபுல் இன்ஜின் இறக்கணும் தம்பி, போர், கிராங்க், வால்வு எல்லாம் போயிருக்கும்"னு சொல்லி ஒரு ரேட் சொன்னார், அதுல இன்னொரு வண்டி வாங்கிடலாம்.

எனக்கு ஸ்பேனர் பிடிக்க தெரியும், முன்னாடி ஸ்ப்ளெண்டர், ஆர்எக்ஸ் எல்லாம் கழட்டி மாட்டியிருக்கேன். எதை வீட்டுல பண்ணலாம், எதை வெளிய குடுக்கணும், எதுல ஆரம்பிக்கணும்? பெயிண்ட் முதல்ல அடிச்சிடலாமான்னும் ஒரு யோசனை இருக்கு, டேங்க் பாக்க ரொம்ப பாவமா இருக்கு.

---

வைகை_டிகம்ப்ரெஷன்:

ஏப்பா, ஸ்டார்ட் ஆகுற இன்ஜினை எவன் சொன்னாலும் உடனே பிரிக்காத. ரொம்ப நாள் நின்ன காஸ்ட் அயர்ன் வண்டி முதல் தடவை புகை கக்கலேன்னா தான் ஆச்சரியம். இந்த இன்ஜின்ல ஆயில் டேங்க்குன்னு தனியா வெளிய கிடையாது, கிராங்க்கேஸோட ஒட்டியே ஒரு அறை. வண்டி நிக்க நிக்க அந்த ஆயில் பம்ப் வழியா மெதுவா கசிஞ்சு கிராங்க் சுத்துற அறைக்குள்ள இறங்கிடும். டிப்ஸ்டிக்கை பாத்தா ஆயிலே இல்லாத மாதிரி காட்டும், நம்ம ஆளுங்க அதுமேல இன்னொரு லிட்டர் ஊத்திருவாங்க, அப்புறம் புகை வராம சந்தன வாசனையா வரும்? முதல் வேலை, அடியில இருக்குற ட்ரெயின் பிளக் எல்லாத்தையும் கழட்டி பழைய ஆயிலை ராத்திரி முழுக்க வடிய விடு. ஃபில்டர் மாத்து. 20டபிள்யூ50 ஊத்து. ஃபில்டர் மாத்தினா ஃபில்டர் உக்கார்ற அறையை ஆயிலால நிரப்பிட்டு தான் மூடணும், இத மறக்கவே கூடாது, ஏன்னா உன் வண்டில பிக் எண்ட்ல, அதாவது கனெக்டிங் ராடு கிராங்க்கோட சேர்ற இடத்துல, அநேகமா ஃப்ளோட்டிங் புஷ் தான் இருக்கும், பேரிங் கிடையாது, ஆயில் போய் சேர்ற வரைக்கும் அது வெறும் உலோகம் மேல உலோகம் உரசுற கதை தான். ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்ல விட்டுட்டு மேல வால்வை அழுத்துற ராக்கருக்கு போற பைப் போல்ட்டை கொஞ்சம் லூஸ் பண்ணி பாரு, அங்க ஆயில் கசிஞ்சு வந்தா பம்ப் வேலை செய்யுதுன்னு அர்த்தம். வரலைன்னா உடனே ஆஃப் பண்ணிடு.

அப்புறம் கம்ப்ரெஷன். மீட்டர் எல்லாம் வேணாம். பிஸ்டன் மேல வர்ற இடத்துல கிக்கர் மேல ஏறி நில்லு, சிலிண்டர் அழுத்தத்தை வெளிய விடுற டிகம்ப்ரெஷன் லிவரை தொடாத. உன் வெயிட்டை கொஞ்ச நேரம் தாங்கிட்டு மெதுவா இறங்கினா நல்லது. பொசுக்குன்னு கீழ போச்சுன்னா பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாரு. இப்ப கெட்டியாச்சுன்னா பிஸ்டன் ரிங்கு, போர் (சிலிண்டர் உள்சுவர்) தேஞ்சிருக்கு. அப்பவும் அதே மாதிரி இறங்குனா வால்வு, இல்ல அந்த டிகம்ப்ரெஷன் வால்வே சரியா உக்காரல. அது லீக் அடிக்கிறதை பாக்காம ஹெட்டை இறக்கினவங்க நிறைய பேர்.

டேப்பெட்டையும், அதாவது வால்வை தள்ளுற புஷ்ராடு கேப்பையும், அப்பவே பாத்துரு. இன்ஜின் ஆறிப்போய் இருக்கணும், பிஸ்டன் கம்ப்ரெஷன்ல மேல இருக்கணும், புஷ்ராடு ரெண்டையும் விரலால திருகினா சுத்தணும், ஆனா மேல கீழ ஆட்டம் இருக்கக் கூடாது. அவ்வளவு தான், ஃபீலர் கேஜ் கூட வேணாம், இந்த வண்டிக்கு கேப் பூஜ்யம். ஸ்ப்ளெண்டர் பழக்கத்துல கேப் வெச்சுராத.

கீழ சொட்டுற எண்ணெய்க்கு, கேஸ்கெட் வாங்க ஓடுறதுக்கு முன்னாடி பிரீதர்ல ஒரு ரப்பர் இருக்கும், வாத்து மூக்கு மாதிரி சப்பையா, டக்பில்னு தான் கடையில கேட்கணும். காத்தை வெளிய விடும், உள்ள விடாது. அது கல்லு மாதிரி ஆயிட்டா இன்ஜின் உள்ள பிரஷர் ஏறி எங்கெங்க சந்து இருக்கோ அங்கெல்லாம் எண்ணெயை தள்ளும். சில்லறை காசு ஐட்டம். அதை மாத்திட்டு ஒரு வாரம் ஓட்டி பாத்துட்டு அப்புறம் சொல்லு எங்க லீக்குன்னு.

பெயிண்டா? டேங்கை பாத்து பாவப்படுறத விட்டுட்டு ஸ்பேனரை பாரு. உன் மெட்ரிக் செட் இதுல பாதி நட்டுக்கு சேராது, இந்த காலத்து புல்லட்ல இன்ச் சைஸ், விட்வொர்த்னு பழைய பிரிட்டிஷ் சைஸ் தான் நிறைய. பன்னெண்டாம் நம்பர், பதினாலாம் நம்பர் போட்டு இழுத்தா நட்டு மூலை உருண்டு ரவுண்டு ஆயிரும், அப்புறம் உளி சுத்தியல் தான். விட்வொர்த் செட் பழசா கிடைச்சா முதல்ல அதை வாங்கு.

---

ட்வின்ஸ்பார்க்:

தல ஒரு ஐடியா சொல்லவா, இத வித்துட்டு புது கிளாசிக் ஒண்ணு இஎம்ஐல எடுத்துருங்க, செல்ஃப் ஸ்டார்ட் இருக்கு, ஏபிஎஸ் இருக்கு, ஞாயித்துக்கிழமை வீட்டுல தூங்கலாம் 😄

---

பட்டறைக்காரன்_கோவை:

வணக்கமுங்க. மேல வைகைக்காரர் சொன்னது அத்தனையும் சரிங்க. நான் லேத் பட்டறை வெச்சிருக்கேன், எங்ககிட்ட வர்ற பாதி புல்லட்டு வரவே தேவையில்லாததுங்க, சொன்னா நம்ம பொழப்பு என்னாகிறது, ஆனா அதான் நெசம்.

வெளிய குடுக்க வேண்டியது எதுன்னா, நெசமாவே போர் தேஞ்சிருந்தா போரிங். பிஸ்டன் ஸ்டாண்டர்டை விட பெருசா 20, 40, 60 சைஸ்னு வருது. ஏற்கனவே 60 போட்டு முடிஞ்சிருந்தா சிலிண்டருக்குள்ள புதுசா ஸ்லீவ் (உள்குழாய்) அடிக்கோணும். முதல்ல பிஸ்டனை வாங்கிட்டு வந்து குடுங்க, அதை அளந்து பாத்து தான் போர் பண்ணோணும், போரை வெட்டிப்போட்டு அப்புறம் பிஸ்டன் தேடுறது தப்புங்க. கிராங்க் பிரஸ் பண்றது, அலைன்மெண்ட் பாக்குறது, வால்வு சீட்டு, கைடு, இதெல்லாம் வீட்டுல வெச்சு ஆகாது. மத்தபடி டைமிங் கவர் கழட்டுறது, பம்ப் பாக்குறது, கிளட்ச் பிளேட்டு, கார்புரேட்டர் எல்லாம் நீங்களே பண்ணலாமுங்க. ஒண்ணே ஒண்ணு, டைமிங் சைடுல ஆயில் பம்ப்பை ஓட்டுற வோர்ம் நட்டு இருக்குதுங்க பாருங்க, அது இடது மரை. வழக்கம்போல இடது பக்கம் திருப்பி பைப்பை மாட்டி இழுத்தீங்கன்னா இன்னும் இறுகும், கடைசில ஒடிஞ்சு கையில வரும். அப்புறம் டைமிங் கவரை மூடறப்போ கிராங்க்குக்கு ஆயில் போற இடத்துல இருக்குற சின்ன கார்க் சீலை புதுசு போட்டுக்கோங்க.

ஆனா நீங்க தினமும் ஓட்டப்போறீங்கன்னா எனக்கு இன்ஜினை விட பிரேக்கு தானுங்க முக்கியமா படுது. புகை விட்டா பின்னாடி வர்றவன் திட்டுவான், பிரேக்கு இல்லைன்னா? வீலை ரெண்டையும் கழட்டுங்க. ட்ரம்முக்குள்ள ஏர் அடிச்சு ஊதாதீங்க, அந்த காலத்து ஷூல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு நெறய, அந்த தூசி நுரையீரலுக்குள்ள போனா போனதுதான். ஈரத்துணி வெச்சு தொடைங்க, துணியை கவர்ல கட்டிப்போட்டு தூக்கி போட்டுருங்க. ட்ரம்மை கையால தடவினா வரி வரியா இருக்கும், லேத்ல வீலோட மாட்டி லேசா ஒரு கட் எடுத்தா போதும், முட்டை மாதிரி கோணலா இருந்தாலும் அதுலயே சரியாயிரும். புது ஷூ போட்டு, புது கேபிள் போட்டு, வீல் மாட்டினதுக்கப்புறம் பிரேக்கை பிடிச்சுட்டே ஆக்சில் நட்டை டைட் பண்ணுங்க, பிளேட் நடுவுல வந்து உக்காரும். முன் பிரேக் பாதிக்கு பாதி தேறும்.

டயர்ல பட்டன் நெறய இருக்குதுன்னு நம்பாதீங்க. பக்கவாட்டுல நாலு நம்பர் இருந்தா அது எந்த வாரம் எந்த வருசம் பண்ணினதுன்னு சொல்லும். அந்த நம்பரே இல்லைன்னா இன்னும் மோசம். 3.25-19 சைஸ் இப்பவும் கடையில கிடைக்குதுங்க. ஸ்போக்கை ஒவ்வொண்ணா சின்ன ஸ்பேனரால தட்டிப்பாருங்க, மந்தமா சத்தம் வர்றது லூஸ்.

ட்வின்ஸ்பார்க் தம்பி, ஞாயித்துக்கிழமை தூங்குறவங்க இங்க வரமாட்டாங்க கண்ணு.

---

ஸ்ரீரங்கம்_350:

அண்ணா ரெண்டு பேருக்கும் நன்றி. ஆயில் வடிச்சேன், அடியில இருந்து வந்த அளவை பாத்து மிரண்டுட்டேன், எல்லாம் கிராங்க் அறையில தான் இருந்திருக்கு. புது ஆயில் ஊத்தி ஓட விட்டா ஆரம்பத்துல கொஞ்ச நேரம் புகை, அப்புறம் சுத்தமா நின்னுடுச்சு. ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் நீலப்புகை இல்ல. ராக்கர்ல ஆயில் வருது. கிக்கர் மேல ஏறி நின்னா நல்லாவே தாங்குது. அந்த டக்பில் ரப்பர் கல்லு இல்ல, செங்கல்லு.

மெக்கானிக்கிட்ட இதை சொன்னேன், "அது இப்ப அப்படித்தான் இருக்கும், போகப்போக தெரியும்"ங்கறார்.

இப்ப பிரேக் வேலை லேத்ல குடுத்திருக்கேன். அடுத்தது கரண்ட். 6 வோல்ட்டை 12 ஆக்கணுமா? பாயிண்டை தூக்கிட்டு எலக்ட்ரானிக் போடணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

---

ஆம்மீட்டர்_முள்ளு:

ராத்திரி ஓட்டுவீங்கன்னா 12 ஆக்கிடுங்க, யோசிக்கவே வேண்டாம். 6 வோல்ட் பல்பு, பேட்டரி கிடைக்குறதே இப்ப பாடு. ஆனா பல்பும் பேட்டரியும் மட்டும் மாத்துறது கன்வெர்ஷன் இல்ல. ஸ்டேட்டர் (கரண்ட் உண்டாக்குற காயில்), ரெகுலேட்டர் ரெக்டிஃபயர், இக்னிஷன் காயில், ஹாரன், எல்லா பல்பும் சேர்ந்து மாறணும். ஸ்டேட்டர் இடது பக்கம் பிரைமரி செயின் கேஸுக்குள்ள இருக்கு. புது ஸ்டேட்டர் போடும்போது உள்ள சுத்துற ரோட்டருக்கும் அதுக்கும் நடுவுல சுத்தி எல்லா இடத்துலயும் 0.2 மில்லிமீட்டர் கேப் இருக்கான்னு ஃபீலர் விட்டு பாருங்க, ஒரு பக்கம் ஒட்டினா கொஞ்ச நாள்ல தேச்சு தின்னுடும். பழைய வயரிங் ஹார்னஸ்ல ஒட்டு போடாதீங்க, புதுசு முழுசா வாங்கி மாட்டுங்க, விலை ஒண்ணும் பெருசில்ல. நான் பாத்த வரைக்கும் இந்த வண்டிங்க நடுரோட்டுல நிக்குறதுல முக்காவாசி கேஸ் ஒரு லூஸ் வயர் இல்ல ஒரு எர்த் தான், இன்ஜின் இல்ல.

எர்த்துன்னதும் ஞாபகம் வருது, ஃபிரேமை பவுடர் கோட்டிங் குடுக்கற ஐடியா இருந்தா கவனம். அது கெட்டியான பிளாஸ்டிக் தோல் மாதிரி, கரண்ட் போகாது. எர்த் வர்ற இடம், இன்ஜின் பிளேட் உக்கார்ற இடம், மரை எல்லாத்தையும் டேப் ஒட்டி மறைச்சு குடுக்கணும். இல்லன்னா பளபளன்னு வண்டி, லைட்டு மட்டும் விட்டு விட்டு எரியும். பேட்டரில இருந்து இன்ஜினுக்கே நேரா ஒரு தடி எர்த் வயர் போட்டுடுங்க.

பாயிண்ட் விஷயத்துல நான் பழைய கட்சி. எலக்ட்ரானிக் நல்லா தான் ஓடும், ஆனா போச்சுன்னா போச்சு, தள்ளிட்டு தான் வரணும். பாயிண்ட் போறதுக்கு முன்னாடி நாலு தடவை சொல்லிட்டு போகும். கேப் 0.35லருந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள வைங்க. டைமிங்குக்கு, கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்ல பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்க ஆரம்பிக்கணும், வேகம் ஏற ஏற டைமிங்கை முன்னாடி தள்ளுற அட்வான்ஸ் வெயிட்டு ரெண்டும் சுருங்கின நிலையில. திறக்குற நொடியை பிடிக்க அந்தக்கால ஆளுங்க சிகரெட் பாக்கெட் உள்ள இருக்குற மெல்லிசு பேப்பரை பாயிண்ட் நடுவுல வெச்சு இழுத்துட்டே இருப்பாங்க, விட்டு வந்தா திறந்துடுச்சு. அது கூட வேணாம், ஹெட்லைட் மேல ஆம்மீட்டர் இருக்கே, சாவி போட்டா பாயிண்ட் மூடியிருக்கும்போது முள்ளு மைனஸ் பக்கம் சாயும், திறந்த உடனே நடுவுக்கு வரும்.

ஸ்டார்ட் பண்றதுக்கும் அதே முள்ளு தான். கிக்கரை மெதுவா அழுத்திட்டே வாங்க, முள்ளு நடுவுக்கு வந்து நிக்கும்போது டிகம்ப்ரெஷன் லிவரை பிடிச்சு இன்னும் கொஞ்சூண்டு தள்ளிட்டு லிவரை விட்டுடுங்க, கிக்கரை மேல வர விட்டு அப்புறம் ஒரே முழு உதை. பலத்துக்கு வேலை இல்ல. சும்மா பாதி உதை உதைச்சா தான் ரிவர்ஸ் அடிச்சு கணுக்காலை பதம் பாக்கும்.

---

கோல்டுலைன்:

எல்லாரும் சேர்ந்து நல்லா தான் கெடுக்கறீங்க. 12 வோல்ட், பவுடர் கோட்டிங், அடுத்தது டிஸ்க் பிரேக்கா? 1955ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச வண்டி, அந்த டேங்க்ல இருக்குற தங்கக் கோடு கையால பிரஷ் பிடிச்சு இழுத்தது, ஸ்டிக்கர் இல்ல. அதை சுரண்டிட்டு ஸ்பிரே அடிச்சு மேல ஸ்டிக்கர் ஒட்டுவீங்க. கேட்டா தினமும் ஓட்டறேன்னு சொல்லுவீங்க. பேட்டரி, ரெக்டிஃபயர் நல்லா இருந்தா 6 வோல்ட்டே போதும், எங்க சித்தப்பா அதுலயே கொடைக்கானல் ஏறி இறங்கினாரு.

---

வைகை_டிகம்ப்ரெஷன்:

கோல்டுலைன், உங்க சித்தப்பா ஏறும்போது எதிர்ல எல்இடி போட்ட டிப்பர் லாரி வரல. டேங்க் விஷயத்துல உங்க கட்சி தான் நான், வெளிய தொடாதப்பா, மெழுகு போட்டு துடைச்சா அந்த கறுப்பு எந்திரிச்சு வரும். உள்ள துருவுக்கு மட்டும் வைத்தியம் பாரு. கக்கூஸ் ஆசிட் ஊத்துவாங்க சில பேரு, அது துருவோட சேர்த்து தகட்டையும் தின்னும். பழைய சைக்கிள் செயின் துண்டு, கொஞ்சம் டீசல் போட்டு நல்லா குலுக்கி, ரெண்டு மூணு தடவை கழுவி ஊத்து. ஓட்டை இருந்துச்சுன்னா வெல்டிங்குக்கு குடுக்காத, பெட்ரோல் காலியானாலும் ஆவி உள்ள இருக்கும், வெடிச்சிரும், தெரிஞ்ச ரேடியேட்டர் கடைக்காரங்ககிட்ட தண்ணி நிரப்பி கழுவி ஈயம் வைக்க சொல்லு.

இன்னொண்ணு. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. உன் வண்டி பொறந்தப்ப இருந்த ரப்பர், கார்க் எதுவும் அதுக்கு பழகினது இல்ல. பெட்ரோல் டியூப், டேப்ல இருக்குற வாஷர், கார்புரேட்டர் ஓ ரிங் எல்லாம் புதுசா போடு. எத்தனால் தண்ணியை இழுக்கும், அதனால வாரக்கணக்குல நிப்பாட்டுனா டேங்கை காலி பண்ணு. தினமும் ஓட்டுறவனுக்கு அந்த பிரச்சனை பாதி கிடையாது. கலவை கொஞ்சம் காஞ்சு போகும் (காத்துக்கு பெட்ரோல் பத்தாது), பிளக்கை கழட்டி பாரு, வெள்ளையா இருந்தா கார்புரேட்டர் ஸ்லைடு நீடில்ல ஒரு காடி மேல ஏத்தி பாத்துட்டு அப்புறம் ஜெட்டை பத்தி யோசி.

---

படிவம்_25:

யாருமே பேப்பரை பத்தி பேசலையே. வண்டியில காசு போடறதுக்கு முன்னாடி இதை முடிங்க.

1986ன்னா நம்பர் பழைய மூணு எழுத்து நம்பரா இருக்கும், 1989க்கு முந்தினது. அது ஆன்லைன்ல ஏறியிருக்கான்னு பரிவாகன்ல (அரசோட வண்டி பதிவு வெப்சைட்) தேடி பாருங்க. பெரும்பாலும் இருக்காது, ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரிஜினல் புக்கை காட்டி பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய பதிவை கம்ப்யூட்டர்ல ஏத்துறது, போட சொல்லணும். அது ஏறாம எந்த வேலையும் நகராது. வண்டி குடுத்த சார் ஆதாரோட ஒரு தடவை வர முடியுமான்னு இப்பவே கேட்டு வைங்க, கையெழுத்து போட்ட பேப்பர் மட்டும் போதாத இடமும் உண்டு.

15 வருஷம் முடிஞ்ச வண்டிக்கு ஆர்சி ரினீவல் படிவம் 25ல, ஒரு தடவை பண்ணா 5 வருஷம். 20 வருஷம் தாண்டின டூவீலருக்கு ரினீவல் ஃபீஸை 2025 ஆகஸ்ட்ல 2000 ரூபாய் ஆக்கிட்டாங்க. இது போக கிரீன் டாக்ஸ், லேட் ஃபைன் இருக்கும். வண்டியை நேர்ல கொண்டு போய் காட்டணும், சேசிஸ் நம்பரை பென்சில் ட்ரேஸ் எடுப்பாங்க. அதனால ஃபிரேமை சாண்ட் பிளாஸ்ட் பண்றவங்க, பவுடர் கோட்டிங் போடறவங்க அந்த நம்பர் மேல கை வைக்க விடாதீங்க. கலர் மாத்தினா புக்ல எழுதணும், இன்ஜின் கேஸை வேற வண்டியோடது மாத்தினாலும் எழுதணும்.

பொல்யூஷன் டெஸ்ட்டுக்கு பயப்படாதீங்க, 2000க்கு முந்தின வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரைக்கும் விடுறாங்க, ஐடிலிங் ஸ்க்ரூ ஒழுங்கா இருந்தா பாஸ் ஆயிடும்.

யாராவது "விண்டேஜ் ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணிடுங்க"ன்னு சொன்னா கேக்காதீங்க. 2021ல வந்த அந்த ரூல் 50 வருஷம் ஆன வண்டிக்கு தான், ஃபீஸ் 20,000 ரூபாய், முக்கியமா அந்த நம்பர் போட்டா தினசரி ஓட்டவே கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவு தான். உங்களுக்கு சாதா ரினீவல் தான் சரி.

---

ஸ்ரீரங்கம்_350:

படிவம் சார், நல்ல வேளை சொன்னீங்க, பரிவாகன்ல நம்பரே காட்டல. வாத்தியாருக்கு போன் பண்ணிட்டேன், வர்றேன்னு சொல்லிட்டார், கூடவே "ஸ்டார்ட் ஆச்சா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார்.

டேங்க்ல கை வைக்கல, கோல்டுலைன் அண்ணா நிம்மதியா தூங்குங்க. ஆனா 12 வோல்ட் போடறேன்.

ஸ்பேர்ஸ் திருச்சில பாதி தான் கிடைக்குது. சென்னை வர்ற வேலை இருக்கு, புதுப்பேட்டையா ஜெனரல் பேட்டர்ஸ் ரோடா? அப்புறம் வண்டில எப்பவும் கூட வெச்சுக்க என்னென்ன வேணும்?

---

ஆம்மீட்டர்_முள்ளு:

புதுசு வேணும்னா ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய ஒரிஜினல் பார்ட், குறிப்பா கியர்பாக்ஸ் சாமான், டூல்பாக்ஸ் மூடி, விட்வொர்த் ஸ்பேனர் எல்லாம் புதுப்பேட்டை. கையோட பழைய பார்ட்டை எடுத்துட்டு போங்க, போட்டோ காட்டினா போதாது, புல்லட்ல ஒரே சாமான் வருஷத்துக்கு ஒரு மாதிரி மரை மாறியிருக்கும். காலைலயே போயிடுங்க.

டூல்பாக்ஸ்ல ஒரு பாயிண்ட் செட், ஒரு கண்டென்சர், பிளக், கிளட்ச் கேபிள், ஒரு டியூப், மரை சேர்ற ஸ்பேனர், கொஞ்சம் வயர். கண்டென்சர் பழைய ஸ்டாக்கா கிடைச்சா ரெண்டா வாங்குங்க, இப்ப வர்றதுல சிலது டப்பாவுலயே செத்து தான் வருது.

---

பட்டறைக்காரன்_கோவை:

வீட்டுல வேற யாராச்சும் இந்த வண்டியை எடுப்பாங்களாங்க? எடுப்பாங்கன்னா முதல்ல காலி ரோட்டுல பழகிட்டு எடுக்க சொல்லுங்க. வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக்கு, கியரும் தலைகீழ், ஒண்ணு மேல, மீதி மூணு கீழ. அவசரத்துல வலது காலை மிதிச்சா வண்டி நிக்காது, கியர் விழும். நீங்களும் ஒரு நாள் ஸ்ப்ளெண்டரு ஒரு நாள் இதுன்னு மாத்தி மாத்தி ஓட்டாம, ஆரம்பத்துல கொஞ்ச நாளைக்கு இதையே ஓட்டுங்க. சிக்னல்ல நியூட்ரல் தேட வேண்டாம், கியர் பாக்ஸ்ல தனியா ஒரு சின்ன லிவர் இருக்குதுங்க, ரெண்டாவது, மூணாவது, நாலாவது எதுல இருந்தாலும் கிளட்ச்சை பிடிச்சு குதிகாலால அதை ஒரு மிதி மிதிச்சா நேரா நியூட்ரல் வந்துரும். வரலைன்னா உள்ள தேஞ்சிருக்குன்னு அர்த்தம், அப்ப ஒரு போட்டோ போடுங்க பாக்கலாம்.